கீல்வாதமும் ஏரோபிக் உடற்பயிற்சியும்

கீல்வாதம் என்பது குருதியில் யூரிக் அமிலத்தின் அளவு நெடுங்காலம் மிகுந்திருப்பதால் மூட்டுகளில் ஊசி போன்ற யூரேட்டுப் படிகங்கள் படிந்து, திடீரெனக் கடும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு மூட்டழற்சி நோய் ஆகும். ஏரோபிக் உடற்பயிற்சி என்பது நடை, மிதிவண்டி ஓட்டம், நீச்சல் போன்று பெருந்தசைகளைச் சீராகவும் தொடர்ச்சியாகவும் இயக்கி, இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும் பயிற்சியாகும். உடல் எடை மிகுந்தவர்களுக்குக் கீல்வாதம் வரும் வாய்ப்பு அதிகம். எடையைக் குறைக்க அவர்கள் நடக்க வேண்டும். ஆனால் நடப்பதற்கு உரிய கால்களையே இந்நோய் முதலில் தாக்குகிறது. இந்த முரண்பாட்டை எவ்வாறு கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். உள்ளூர் எடுத்துக்காட்டுகள் கடலூர் மாவட்டத்தின் கிள்ளை, சிதம்பரம் வட்டாரத்திலிருந்து தரப்படுகின்றன.

பெயர் விளக்கம்

தமிழில் கீல் என்பது மூட்டைக் குறிக்கும் சொல். பேச்சு வழக்கில் எல்லா மூட்டு வலிகளையும் "வாதம்" அல்லது "கீல்வாதம்" என்று சொல்வதுண்டு. சித்த மருத்துவமும் வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்துக் கூறுகிறது. ஆயுர்வேதத்தில் வாதரக்தம் எனப்படும் நோயின் குறிகள் பல இந்நோயுடன் ஒத்துப்போகின்றன. இக்கட்டுரையில் கீல்வாதம் என்னும் சொல், ஆங்கில மருத்துவர்கள் "கவுட்" என்று குறிப்பிடும் யூரிக் அமில மூட்டழற்சியை மட்டுமே குறிக்கிறது. வயது முதிர்வால் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதும், முடக்குவாதமும் வேறு நோய்கள். அவற்றுக்கான மருந்துகளும் வேறு.

வரலாறு

கீல்வாதம் மிகப் பழைய காலம் முதல் அறியப்பட்ட நோய். கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசு இதனைக் குறிப்பிட்டுள்ளார். 1776 இல் கார்ல் வில்லெம் சீலே என்னும் வேதியியலாளர் சிறுநீரகக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1848 இல் ஆல்பிரட் பேரிங் காரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் கீல்வாத நோயாளிகளின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961 இல் மெக்கார்ட்டி, ஆலண்டர் ஆகிய இருவர் மூட்டு நீரில் யூரேட்டுப் படிகங்களை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியின் மூலம் இனங்கண்டனர். இன்றும் நோயை உறுதிசெய்ய இதுவே மிக நம்பகமான சோதனை.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்னும் மருந்தை கெர்ட்ரூடு எலியன், சார்ச்சு இட்சிங்சு ஆகியோரின் குழு உருவாக்கியது. இவ்விருவரும் 1988 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஏரோபிக் என்னும் சொல்லைப் பொதுமக்களிடையே பரப்பியவர் அமெரிக்க வான்படை மருத்துவரான கென்னத் கூப்பர். அவருடைய நூல் 1968 இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்நோயின் மருந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கீல்வாத வலியைத் தணிக்கும் கோல்சிசின் என்னும் வேதிப்பொருள், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் காணப்படுகிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டப் பகுதிகளில் இது விதைக்காகப் பயிரிடப்படுகிறது. ஆனால் இச்செடி கடும் நஞ்சு. இதனை வீட்டு மருந்தாக உட்கொள்வது உயிரைப் பறிக்கக்கூடும். அளவிடப்பட்ட மாத்திரையாக, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே கோல்சிசினை உட்கொள்ள வேண்டும்.

நோய் உண்டாகும் விதம்

உயிரணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக்கேசு என்னும் நொதியம் இதனை மேலும் சிதைத்து எளிதில் வெளியேற்றுகிறது. மனிதரிடம் இந்நொதியம் செயல்படுவதில்லை. ஆகவே யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சிறுநீரகமும், எஞ்சியதைக் குடலும் வெளியேற்ற வேண்டியுள்ளது. கீல்வாத நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல், யூரிக் அமிலம் மிகுதியாக உண்டாவது அன்று; போதிய அளவு வெளியேறாததே ஆகும்.

குருதியில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது, அது கரைந்த நிலையில் இருக்கும் எல்லையைக் கடக்கிறது. உப்பு மிகுந்த நீரில் உப்பு அடியில் படிவது போல யூரேட்டும் படியத் தொடங்குகிறது. வெப்பம் குறைந்த இடத்தில் கரைதிறன் மேலும் குறையும். உடலின் மையத்தை விடக் கால் விரல்கள் குளிர்ந்தவை. கால் பெருவிரலின் அடிமூட்டு முதலில் தாக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

படிந்த படிகங்கள் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கலாம். ஏதேனும் ஒரு தூண்டலால் அவற்றை நோயெதிர்ப்பு அணுக்கள் அயற்பொருளாகக் கருதித் தாக்கும்போது கடும் அழற்சி உண்டாகிறது. வலி பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தை அடையும். போர்வை படுவதைக் கூடத் தாங்க இயலாது. மருந்தின்றியும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வலி அடங்கிவிடும். வலி அடங்கியதால் நோய் நீங்கிவிட்டதாகக் கருதுவது பெரும் பிழை. படிகங்கள் மூட்டிலேயே இருக்கின்றன.

உடற்பருமனுக்கும் கீல்வாதத்துக்கும் உள்ள தொடர்பு

உடல் எடையைக் கிலோகிராமில் கொண்டு, உயரத்தை மீட்டரில் இருமடி செய்து வகுத்தால் கிடைப்பது உடல் நிறைச் சுட்டெண். உலக நலவாழ்வு அமைப்பின் பொது வரையறையின்படி 25 முதல் மிகை எடை, 30 முதல் உடற்பருமன். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுவதால், இந்திய மருத்துவர்கள் 23 முதல் மிகை எடை என்றும் 25 முதல் உடற்பருமன் என்றும் கொள்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது.

எடுத்துக்காட்டாக, 165 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோகிராம் எடையும் உள்ள ஒருவரின் சுட்டெண் 29.4 ஆகும். பொது வரையறையில் இவர் மிகை எடையினர். இந்திய வரையறையில் உடற்பருமன் உடையவர்.

மிகை எடை யூரிக் அமிலத்தை இரு வழிகளில் உயர்த்துகிறது. முதலாவது, உடலில் யூரிக் அமில உற்பத்தி கூடுகிறது. இரண்டாவது, வயிற்றுக் கொழுப்பால் இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காத நிலை உண்டாகிறது. அதனை ஈடுசெய்யக் குருதியில் இன்சுலின் மிகும்போது, சிறுநீரகம் யூரேட்டை வெளியேற்றாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

அமெரிக்காவில் நலத்துறைப் பணியாற்றும் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2005 இல் வெளியாயின. சுட்டெண் 21 முதல் 22.9 வரை இருந்தவர்களோடு ஒப்பிடுகையில், 25 முதல் 29.9 வரை இருந்தவர்களுக்குக் கீல்வாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகவும், 35 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ மும்மடங்காகவும் இருந்தது. ஆய்வு தொடங்கிய பின் சுமார் 4.5 கிலோகிராமோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களுக்கு, எடை மாறாதவர்களை விட இவ்வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அடையக்கூடிய சிறிய எடைக்குறைப்பும் பயன் தரும் என்பதே இதன் பொருள்.

எடை மூட்டின் மீது ஏற்றும் சுமையும் கருதத்தக்கது. முழங்கால் தேய்வு உள்ள மூத்தோரிடம் செய்யப்பட்டு 2005 இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடை ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோகிராம் குறைவதாகக் காட்டியது. மேற்கூறிய 80 கிலோகிராம் எடையுள்ளவர் 4 கிலோகிராம் குறைத்தால், ஓர் எட்டுக்கு 16 கிலோகிராம் சுமை குறையும். அரைமணி நேர நடையில் ஒரு கால் ஏறத்தாழ 1,500 எட்டுகள் வைக்கிறது. எனில் அந்த முழங்கால் ஒரு நடையில் தாங்காமல் தப்பும் சுமைகளின் கூட்டுத்தொகை 24,000 கிலோகிராம்.

எந்த உடற்பயிற்சி, எவ்வளவு

தசைகள் ஆற்றலைப் பெறும் முறையைப் புரிந்துகொண்டால், கீல்வாத நோயாளிக்கு எப்பயிற்சி ஏற்றது என்பது எளிதில் விளங்கும். மிதமான பயிற்சியில் தசைகளுக்குப் போதிய உயிர்வளி கிடைப்பதால் கொழுப்பும் மாவுப்பொருளும் முழுமையாக எரிகின்றன. மூச்சிரைக்கும் கடும் பயிற்சியில் உயிர்வளி போதாமல் இரு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒன்று, தசையின் ஆற்றல் நாணயமாகிய அடினோசின் டிரைபாசுபேட்டு விரைந்து சிதைந்து, அதன் பியூரின் பகுதி யூரிக் அமிலமாக மாறுகிறது. மற்றொன்று, குருதியில் சேரும் லாக்டிக் அமிலம் சிறுநீரகம் யூரேட்டை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. இவற்றோடு வியர்வையால் நீரும் குறைந்தால் யூரிக் அமிலம் மேலும் செறிவடையும். ஆகவே திடீரெனத் தொடங்கும் வேக ஓட்டமும், மூச்சடக்கிப் பெரும் எடை தூக்குவதும் கீல்வாதத்தைத் தூண்டலாம். மிதமான ஏரோபிக் பயிற்சி அவ்வாறு செய்வது அரிது.

உலக நலவாழ்வு அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான ஏரோபிக் பயிற்சியும், இரு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும். நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும் இயன்ற வரை இதே அளவு பரிந்துரைக்கப்படுகிறது.

மிதமான அளவை அறிய இரு வழிகள் உள்ளன.

பேச்சுச் சோதனை: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. ஒரு சொற்றொடரை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி.

நாடித்துடிப்பு: 220 இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உச்சத் துடிப்பின் மதிப்பீடு. அதில் 64 முதல் 76 விழுக்காடு மிதமான பயிற்சி. 45 வயதினருக்கு இது நிமிடத்துக்கு 112 முதல் 133 வரை. குருதி அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மருந்துகள் உட்கொள்பவர்களுக்குத் துடிப்பு இயல்பாகவே குறைந்திருக்கும். அவர்கள் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

பயிற்சி வகைகள்

நடை: செலவில்லாதது, பெரும்பாலோருக்கு ஏற்றது. சமதளமான மண் பாதையோ பள்ளி மைதானமோ நல்லது. பெருவிரலை அழுத்தாத, முன்பகுதி அகன்ற காலணி தேவை. இரப்பர்ச் செருப்பில் விரைந்து நடக்கையில் பெருவிரலால் செருப்பைப் பற்றிக்கொள்ள நேர்வதால் அம்மூட்டுக்கு அழுத்தம் கூடும். பின்வார் உள்ள செருப்பு அதனினும் மேல்.

மிதிவண்டி: உடல் எடையை இருக்கை தாங்குவதால் பாதத்தின் சுமை குறைகிறது. பாதத்தின் நடுப்பகுதியால் மிதித்தால் பெருவிரல் மூட்டுக்கு ஓய்வு கிடைக்கும்.

நீர்ப் பயிற்சி: இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிறது, மார்பளவு நீரில் மேலும் குறைகிறது. நீந்தத் தெரியாதவர்களும் நீரில் நடக்கலாம்.

இருக்கைப் பயிற்சி: கால் வலியிலிருந்து மீள்பவர்கள் நாற்காலியில் அமர்ந்து கைகளைச் சீராக வீசியும் சுழற்றியும் இதயத் துடிப்பை உயர்த்தலாம்.

ஆட்டம்: மெதுவான கும்மி, கோலாட்டம் போன்றவை நல்ல ஏரோபிக் பயிற்சிகள். பரதநாட்டியத்தில் வெறுங்காலால் தரையைத் தட்டும் அடவுகள் பாத மூட்டுகளுக்கு அதிர்ச்சி தருவதால், பெருவிரல் பாதிக்கப்பட்டவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

படிப்படியான திட்டம்

நெடுநாள் நடக்காதவர் ஒரே நாளில் ஒரு மணி நேரம் நடக்க முயல்வதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். வலியின்றி இருக்கும் காலத்தில் கீழ்க்காணுமாறு தொடங்கலாம். வாரத்துக்கு ஐந்து நாட்கள் எனக் கொள்க.

1, 2 ஆம் வாரங்கள்: நாளொன்றுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு 50 நிமிடம்.
3, 4 ஆம் வாரங்கள்: 15 நிமிடம், வாரத்துக்கு 75 நிமிடம்.
5, 6 ஆம் வாரங்கள்: 20 நிமிடம், வாரத்துக்கு 100 நிமிடம்.
7, 8 ஆம் வாரங்கள்: 25 நிமிடம், வாரத்துக்கு 125 நிமிடம்.
9 ஆம் வாரம் முதல்: 30 நிமிடம், வாரத்துக்கு 150 நிமிடம்.

இந்நேரத்தை ஒரே தடவையில் செய்ய வேண்டும் என்பதில்லை. காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் மூட்டில் புதிய வலியோ வெம்மையோ இருந்தால் முந்தைய வார அளவுக்குத் திரும்ப வேண்டும்.

நடையால் மட்டும் எடை விரைவில் குறையாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 80 கிலோகிராம் எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 140 கிலோகலோரி. அதில் 40 கிலோகலோரி சும்மா இருந்தாலும் செலவாகக்கூடியது. ஒரு கிலோகிராம் கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கிலோகலோரி. உணவு மாறாமல் நாள்தோறும் நடந்தாலும் ஒரு கிலோகிராம் குறைய இரண்டரை மாதங்கள் ஆகும். ஆகவே சோற்றின் அளவு, இனிப்பு, பொரித்த பண்டங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும். எடைமானி மாறாதபோதும் நடையால் இன்சுலின் செயற்பாடும் குருதி அழுத்தமும் சீராகின்றன. கீல்வாத நோயாளிகளுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால் இப்பயன் முதன்மையானது.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வது ஆபத்து. உணவின்றி உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள், யூரேட்டு வெளியேறுவதைத் தடுத்து வலியைத் தூண்டுகின்றன. வாரத்துக்கு அரை கிலோகிராம் அளவில் குறைவதே ஏற்றது. நோன்பு, விரதம் இருப்போர் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும்.

வலி வந்த காலத்தில்

மூட்டு சிவந்து, வீங்கி, வெம்மையாக இருக்கும்போது அம்மூட்டுக்குப் பயிற்சி கூடாது. "நடந்தால் சரியாகிவிடும்" என்பது இந்நிலையில் தவறு. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒத்தடமாக வைத்து, மருத்துவர் கூறிய மருந்தை இயன்ற வரை விரைவாகத் தொடங்க வேண்டும். அல்லோபியூரினால் ஏற்கனவே உட்கொண்டு வருபவர்கள் வலி வந்ததற்காக அதனை நிறுத்தக்கூடாது.

காய்ச்சலுடன் ஒரே மூட்டு வீங்கியிருந்தால் அது நுண்ணுயிர்த் தொற்றாகவும் இருக்கலாம். அந்நிலையில் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீக்கம் வடிந்து, வீட்டுக்குள் வலியின்றி நடக்க முடிந்த பிறகு, முன்பு செய்த நேரத்தில் பாதியளவில் மீண்டும் தொடங்கலாம். இங்குதான் பலர் தடுமாறுகின்றனர். ஒரு முறை நள்ளிரவில் அவ்வலியைக் கண்டவர் கால் ஊன்றவே அஞ்சுவார். அச்சத்தால் நடை நிற்கும், எடை கூடும், யூரிக் அமிலம் உயரும், அடுத்த வலி முன்னதாகவே வரும். இச்சுழற்சியை உடைப்பதற்கு, வலியற்ற இடைக்காலத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதே வழி.

கிள்ளை, சிதம்பரம் வட்டாரச் சூழல்

கிள்ளை கடலூர் மாவட்டத்தில், பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை அடுத்துள்ள பேரூராட்சி. மீன்பிடிப்பும் வேளாண்மையும் இங்குள்ள முதன்மைத் தொழில்கள். மாசிமகத்தன்று திருமுட்டம் பூவராகசாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் விழா இவ்வூரின் பெரும் நிகழ்வு. வழியில் உள்ள தர்காவில் இறைவனுக்கு மரியாதை செய்யப்படுவதும் இவ்விழாவின் சிறப்பு. ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டத்தோடு நெடுந்தொலைவு நடந்துவிட்டு மற்ற நாட்களில் அசையாதிருப்பதைவிட, நாள்தோறும் அரைமணி நடப்பது மூட்டுக்கு நல்லது. நெடுநடை செல்ல விரும்புவோர் சில வாரங்களுக்கு முன்னரே பழகத் தொடங்க வேண்டும்.

கடலோர மக்களின் உணவில் மத்தி, நெத்திலி, இறால், நண்டு, கருவாடு ஆகியவை இயல்பானவை. இவற்றில் பல பியூரின் மிகுந்தவை. மத்தியும் நெத்திலியும் குறிப்பாக அவ்வாறானவை. மீனை அறவே விலக்கச் சொல்வது மீனவக் குடும்பத்தில் நடவாத அறிவுரை. அளவையும் அடுக்கடுக்கான நாட்களையும் குறைத்து, வலி வந்த காலத்தில் தவிர்ப்பது இயலக்கூடியது. மது, சிறப்பாக பீர், மீனை விடவும் உறுதியாக விலக்க வேண்டியது.

"நாள் முழுதும் உழைக்கிறோம், தனியே உடற்பயிற்சி எதற்கு?" என்னும் கேள்வி இவ்வட்டாரத்தில் எழுவது இயல்பு. வயல் வேலையும் நடந்து செய்யும் வேலையும் ஏரோபிக் பயிற்சியாகவே கணக்கிடப்படும். ஆனால் வலை இழுத்தல், மூட்டை தூக்கல் போன்றவை குறுகிய நேரத்தில் பெருவிசையைக் கோருபவை. அவை தசைக்கு வலுவூட்டும். சீரான நடையின் பயனை முழுமையாகத் தாரா. கடலில் குறைந்த நீரோடு வெயிலில் நெடுநேரம் இருப்பதும் யூரிக் அமிலத்தைச் செறிவாக்கும். படகில் செல்பவர்கள் கூடுதல் குடிநீர் கொண்டு செல்வதே அவர்களுக்கான முதல் மருத்துவம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று அறியலாம். இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வெயில் மிகுந்த மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்போ, மாலையில் வெயில் தாழ்ந்த பின்போ நடக்க வேண்டும். சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சூழ்ந்த நான்கு தேர் வீதிகளும் விடியற்காலையில் சமதள நடைபாதையாக அமைகின்றன. கோயிலுக்குள் பகலில் சுடும் கருங்கல் தளத்தில் வெறுங்காலுடன் விரைந்து வலம் வருவது ஏற்றதன்று. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தீப்புண் ஏற்பட்டாலும் தெரியாது. நீர்ப் பயிற்சிக்குப் பழைய கொள்ளிடத்தைப் பயன்படுத்தக்கூடாது. அங்கு முதலைகள் உள்ளன. கிள்ளையின் உப்பங்கழிகளிலும் சேற்றுத்தளமும் சிப்பி ஓடுகளும் காலைக் கிழிக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அடையாளம் கண்டது. 2021 ஆகத்து 5 இல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. கிள்ளைக்கு அண்மையில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைகள் சிதம்பரம் காமராசர் மருத்துவமனையும், 1985 இல் ராசா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் அண்ணாமலைநகர் மருத்துவமனையும் ஆகும்.

மருந்தும் உடற்பயிற்சியும்

உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அளவு பொதுவாகச் சிறிது. ஆண்டுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை வலி வருபவர்களுக்கும், யூரேட்டுக் கட்டிகள் தோன்றியவர்களுக்கும் அல்லோபியூரினால் அல்லது பெபுக்சோசிடாட்டு போன்ற மருந்து தேவை. ஒரு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் அளவைக் கொண்டுவந்து தொடர்ந்து பேணுவதே இலக்கு. அவ்வாறு பேணினால் படிந்த படிகங்களும் மெல்லக் கரையும். இம்மருந்துகளைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி அடிக்கடி வரலாம். படிகங்கள் கரைவதன் விளைவே இது. இதனைத் தடுக்க மருத்துவர்கள் 3 முதல் 6 மாதங்கள் வரை குறைந்த அளவில் கோல்சிசின் போன்ற மருந்தைச் சேர்த்துத் தருவர். இக்காலத்தில் வலி வந்ததற்கு நடைப்பயிற்சியே காரணம் என்று தவறாகக் கருதி அதை நிறுத்துவோர் உண்டு.

மருந்துக் கடையில் மருத்துவச் சீட்டின்றி வலி மாத்திரை வாங்கி நாட்கணக்கில் உட்கொள்வது இந்நோயில் பேரிழப்பைத் தருவது. டைக்குளோபினாக்கு போன்ற வலிநீக்கிகள், உடலில் நீர் குறைந்த நிலையில் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். யூரிக் அமிலத்தை வெளியேற்றும் உறுப்பே சிறுநீரகம்தான். அது பழுதுபட்டால் கீல்வாதமும் கடுமையாகும்.

தவறான கருத்துகள்

"கீல்வாதக்காரர் பருப்பும் கீரையும் உண்ணக்கூடாது." 2004 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் இறைச்சியும் கடலுணவும் கீல்வாத வாய்ப்பை உயர்த்தின, பியூரின் உள்ள காய்கறிகள் உயர்த்தவில்லை. கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் வாய்ப்பைக் குறைத்தன. ஆகவே மோர் நல்ல பானம். சர்க்கரை கலந்த குளிர்பானங்கள் தீயவை.

"வலியின்போது யூரிக் அமிலம் சரியாக இருந்தால் கீல்வாதம் இல்லை." வலிக் காலத்தில் இவ்வளவு தற்காலிகமாக இறங்கியிருக்கலாம். வலி அடங்கி இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

"இது ஆண்களுக்கு மட்டும் வரும் நோய்." மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் வாய்ப்பு உயர்கிறது. குருதி அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடம் இது குறிப்பாகக் காணப்படும். எனினும் மருத்துவரைக் கேளாமல் அம்மாத்திரையை நிறுத்தக்கூடாது.

"வியர்த்தால் யூரிக் அமிலம் வெளியேறிவிடும்." வியர்வை வழியாக வெளியேறும் அளவு மிகக் குறைவு. நீரை ஈடுசெய்யாத வியர்வை தீங்கே செய்யும்.

முன்னெச்சரிக்கைகள்

இதய நோய், கட்டுப்படாத குருதி அழுத்தம் அல்லது நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவ ஆய்வுக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். யூரேட்டுக் கட்டியின் மேல் தோல் உரசிப் புண்ணாகாமல் காலணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீரிழிவும் உள்ளவர்கள் ஒவ்வொரு நடைக்குப் பின்னும் உள்ளங்காலைப் பார்ப்பது நன்று. இக்கட்டுரை பொது அறிவுக்காகத் தரப்படுவது. அவரவர் உடல்நிலைக்கு ஏற்ற அளவை மருத்துவரே கூற இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

மூட்டழற்சி
உடற்பருமன்
யூரிக் அமிலம்
நீரிழிவு நோய்
செங்காந்தள்
கிள்ளை
பிச்சாவரம்